செம்மண் ஒட்டிய சக்கரங்கள்

தோட்டத்துப் பாதையில் செம்பனைக் குலை ஏற்றி வரும் டிராக்டரை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். மட்கார்டின் உள்பக்கம் ஈரச் செம்மண் அப்பியிருக்கும். அதற்குச் சற்று மேலே, நேற்றைய சேறு காய்ந்து வெளிறி வெடித்திருக்கும். ஓட்டுநர் கால் வைத்து ஏறும் இடத்தில் சாயம் தேய்ந்து இரும்பு பளபளக்கும். டீசல் ஊற்றும் மூடியைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி ஒட்டிக் கறுத்திருக்கும். வெயில் படாத பக்கத்தில் மெல்லிய பாசிகூடத் தெரியும். அந்த வண்டி எந்தப் பாதையில் ஓடியது, எங்கே நின்றது, எத்தனை மழை பார்த்தது என்பதை அதன் அழுக்கே சொல்லிவிடும்.

இந்த அழுக்கைக் கையகல வண்டி ஒன்றில் கொண்டு வருவதுதான் என் வார இறுதி வேலை. பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி ராணுவ வாகன மாதிரிகள் செய்வது, சாயம் அடிப்பது, பிறகு அவை காற்றிலும் மழையிலும் அடிபட்டவை போலப் பழமையாக்குவது. "இந்த வயதில் பொம்மை வண்டியா?" என்று கேட்காத உறவினர் இல்லை. ஆனால் நெகிரி செம்பிலான் தோட்டத்தில் வளர்ந்த ஒருவருக்கு இந்தக் கலையில் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியைக் கற்றுக்கொள்ளும்போது நம் தோட்டங்களின் வரலாறும் கூடவே வந்துவிடுகிறது.

35-இல் ஒரு பங்கு

ராணுவ வாகன மாதிரிகளில் உலகம் முழுவதும் அதிகம் புழங்கும் அளவு 1/35. அசல் வண்டியின் 35 சென்டிமீட்டர், மாதிரியில் ஒரு சென்டிமீட்டர். 35 என்ற விநோதமான எண் வந்த கதை சுவையானது. ஜப்பானின் தாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பாந்தர் டாங்கியை மோட்டாரில் ஓடும் மாதிரியாகச் செய்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரிகளும் அடங்கும்படி உடலின் அளவை வைத்துக்கொண்டார்கள். பிறகு கணக்குப் பார்த்தால் அது ஏறத்தாழ 35-இல் ஒரு பங்கு. அந்த வரிசை நன்றாக விற்றதால் மற்ற நிறுவனங்களும் அதே அளவைப் பிடித்துக்கொண்டன.

பெட்டியைத் திறந்தால் சட்டங்களில் கோத்த பாகங்கள் இருக்கும். சிறு குறடால் வெட்டி, மணல்தாளால் தேய்த்து, பசை போட வேண்டும். இந்தப் பசை சாதாரணப் பசை இல்லை. பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே கொஞ்சம் கரைத்து இரண்டு பாகங்களையும் ஒன்றாக்கிவிடும். கன்டாம் ரோபோ செய்யும் நம் இளைஞர்களுக்குக் கருவிகள் எல்லாம் பழக்கமானவைதான். வித்தியாசம், ரோபோ கற்பனை. இந்த வண்டிகள் உண்மையிலேயே நம் ஊர்ப் பாதைகளில் ஓடியவை.

நம் மாநிலத்தில் ஓடிய வண்டிகள்

1942 ஜனவரி 14 அன்று கிம்மாஸுக்கு அருகே கிம்மாஞ்சே ஆற்றுப் பாலத்தில் ஆஸ்திரேலியப் படையினர் பதுங்கியிருந்தனர். சைக்கிளில் வந்த ஜப்பானிய வீரர்களில் ஒரு பகுதியினரைப் பாலத்தைக் கடக்க விட்டு, பிறகு பாலத்தைத் தகர்த்தனர். அதற்கடுத்த சண்டையில் ஜப்பானியர் டாங்கிகளைக் கொண்டுவந்தனர். அவற்றில் சில ஆஸ்திரேலியரின் டாங்கி எதிர்ப்பு பீரங்கிகளால் முடக்கப்பட்டன. மலாயாவில் ஜப்பானியர் பயன்படுத்தியவற்றில் முக்கியமானவை டைப் 95, டைப் 97 என்ற வகைகள். டைப் 95 ஏழு டன்னுக்குச் சற்று அதிகமான எடை கொண்ட இலகு வண்டி. டைப் 97 சுமார் 15 டன். இந்த டைப் 97-ஐ தாமியா 1/35 அளவில் பல ஆண்டுகளாக விற்று வருகிறது. அந்த டாங்கிகளுக்குப் பின்னால் வந்த மூன்றரை ஆண்டுகளில்தான் நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

அடுத்தது அவசரகாலம். 1948 ஜூன் மாதம் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டதை அடுத்து அது அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை நீடித்தது. ரப்பர் காட்டுப் பாதைகளில் பதுங்கித் தாக்குவது வழக்கமானதால், துரைமார் தங்கள் கார்களுக்கே இரும்புத் தகடு அடித்துக்கொண்டார்கள். பிரிட்டன் ஆறு சக்கர சாரசென் துருப்பு வண்டியை வடிவமைத்தபோது, அதன் இணை வண்டியான சாலடினைப் பின்னுக்குத் தள்ளி சாரசெனை முதலில் தயாரித்ததற்கே மலாயாவின் தேவைதான் காரணம். உலகப் புகழ்பெற்ற ஒரு கவச வாகனத்தின் பிறப்பில் நம் ரப்பர் காடுகளுக்கும் பங்கு உண்டு.

என் மேசையில் இப்போது இருப்பது ஃபெரெட். நான்கு சக்கர வேவு வண்டி. டெய்ம்லர் நிறுவனம் 1952 முதல் 1971 வரை நாலாயிரத்துக்கும் மேல் தயாரித்தது. இரண்டே பேர் போகும் வண்டி. நீளம் சுமார் 3.7 மீட்டர், எஞ்சின் ரோல்ஸ் ராய்ஸ். நம் ராணுவமும் இதைப் பல காலம் வைத்திருந்தது. 1960களின் தொடக்கத்தில் ஐ.நா. பணிக்காகக் கொங்கோவுக்குப் போன மலாயா வீரர்களும் ஃபெரெட்டில் சென்றார்கள். மாதிரியில் அதன் நீளம் பத்தரை சென்டிமீட்டர். உள்ளங்கையில் அடங்கும்.

கதை அங்கே முடியவில்லை. 1942-இல் டாங்கிச் சண்டை நடந்த அதே கிம்மாஸில்தான் இன்று நம் ராணுவத்தின் பெண்டேக்கார் டாங்கிகள் நிற்கின்றன. போலந்திலிருந்து வாங்கிய 48 வண்டிகள். ரஷ்ய டி-72 குடும்பத்தைச் சேர்ந்தவை.

அளவு அருங்காட்சியகத்தில், அழுக்கு தோட்டத்தில்

போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போகும் குடும்பங்கள் பலவும் சிருசாவில் இருக்கும் தரைப்படை அருங்காட்சியகத்தைத் தாண்டித்தான் போகின்றன. வெட்டவெளியில் பழைய கவச வாகனங்களும் பீரங்கிகளும் வரிசையாக நிற்கும் இடம். மாதிரி செய்பவனுக்கு அது பொக்கிஷம். கதவின் கீல் எப்படி இருக்கிறது, சக்கரத்து நட்டு எத்தனை, விளக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சுற்றிச் சுற்றிப் படம் எடுக்கலாம். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் ஆளுக்கொரு பாகத்தை எண்ணச் சொல்லுங்கள்; சலிப்பே வராது.

ஆனால் அருங்காட்சியக வண்டி ஒன்றை மட்டும் சொல்லாது. அதற்குப் புதுச் சாயம் அடித்து, கழுவித் துடைத்து நிறுத்தியிருப்பார்கள். வேலை செய்த காலத்தில் அது எப்படி அழுக்காக இருந்தது என்பதை அங்கே பார்க்க முடியாது. அதற்குத் தோட்டத்துக்குத்தான் வர வேண்டும்.

பழமையாக்கும் முறைகளைச் சொல்லும் புத்தகங்களும் வீடியோக்களும் பெரும்பாலும் ஐரோப்பாவை மனத்தில் வைத்தவை. அவர்கள் சொல்லும் சேறு சாம்பல் கலந்த பழுப்பு. கடைகளில் விற்கும் சேற்றுக் கலவைப் புட்டிகளும் பெரும்பாலும் அப்படித்தான். ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் பக்கம் போய்ப் பாருங்கள். நம் மண் ஆரஞ்சு கலந்த சிவப்பு. ஈரத்தில் செங்கல் நிறம், காய்ந்தால் காவி. நம் பாதையில் ஓடிய ஃபெரெட்டுக்கு ஐரோப்பியச் சேற்றைப் பூசினால், அது வேறு நாட்டு வண்டியாகிவிடும்.

அதனால் நான் மண்ணையே எடுத்துக்கொள்கிறேன். பழைய சட்டியில் நன்றாக வறுத்தால் எறும்பும் பூஞ்சையும் போய்விடும். பிறகு தேநீர் வடிகட்டியிலும், அடுத்து மெல்லிய துணியிலும் சலிக்க வேண்டும். 1/35 அளவில் ஒரு மில்லிமீட்டர் மணல் துணுக்கு, நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர் கல். சலிக்காமல் பூசினால் வண்டி முழுக்கக் கூழாங்கல் ஒட்டியது போல இருக்கும். முகத்துக்குப் போடும் பவுடர் போல மாவாக இருந்தால்தான் அது புழுதி.

சாயம் அடித்த பிறகுதான் வேலை

அடிப்படைச் சாயம் அடிப்பது அரைநாள் வேலை. 1950களின் பிரிட்டிஷ் வண்டிகளுக்கு அடர்ந்த, கொஞ்சம் பளபளப்பான பச்சை. நம் ஊரில் ஒரு எச்சரிக்கை: மழைக்கு முந்திய புழுக்கத்தில் லேக்கர் ஸ்பிரே அடித்தால் ஈரம் பட்டுச் சாயம் பால் பூத்தது போல வெளிறிவிடும். வெயில் ஏறிய காலைநேரமே நல்லது.

அதன்பிறகு ஒவ்வொரு அடுக்காகப் பழமை ஏற வேண்டும். துருநிறம் அடித்து, அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே, அதற்கும் மேல் நீரில் கரையும் பச்சைச் சாயம். காய்ந்ததும் ஈரத் தூரிகையால் மெல்லத் தேய்த்தால், ஸ்பிரே இளகி மேல்சாயம் துணுக்குத் துணுக்காகப் பெயரும். உள்ளே துரு எட்டிப் பார்க்கும். எங்கே தேய்ப்பது என்பதுதான் கேள்வி. லயத்துத் தகரக் கூரை எங்கே முதலில் துருப்பிடிக்கும் என்று தெரிந்தவருக்குப் பதில் தெரியும்: ஆணி அடித்த இடம், மடிப்பு, தண்ணீர் தேங்கும் விளிம்பு. வண்டியிலும் அப்படித்தான். வீரன் கால் வைக்கும் இடம் தேயும். கை எட்டாத இடம் தேயாது.

அடுத்து, மெல்லக் கரைத்த எண்ணெய்ச் சாயத்தை மூட்டுகளிலும் ஆணித்தலைகளைச் சுற்றியும் ஓடவிட்டால் நிழல் ஏறும். கூரைத் தகரத்திலிருந்து மழைநீர் வழிந்த கோடுகளைப் போல, பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக இழுத்தால் வழிசல். எல்லாம் காய்ந்ததும் சலித்த மண். கீழே ஈரமாகவும் கருமையாகவும், மேலே வெளிறியும் மெல்லியதாகவும் பூசி, எனாமல் தின்னர் ஒரு சொட்டு விட்டால் பிடித்துக்கொள்ளும். ரப்பர் காட்டு வண்டி என்றால் இன்னொன்றும் உண்டு. வெள்ளையாகத் தெறிக்கும் மரப்பால் நாள்பட்டால் பழுப்பாகி, கறுத்துவிடும். பால்வெட்டிய அம்மாக்களின் சேலையைத் துவைத்தவர்களுக்கு அந்தக் கறையின் நிறத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கை அடங்க வேண்டிய இடமும் இதுவே. வண்டி முழுக்கத் துருவையும் சேற்றையும் அப்பினால், அது ஓடும் வண்டியாக இருக்காது. பழைய இரும்புக் கடைக்குப் போகும் வண்டியாகிவிடும். ராணுவம் தன் வண்டிகளைப் பராமரித்தது. அழுக்குக்குக் காரணம் சொல்ல முடியாத இடத்தில் தூரிகையை வைக்கக் கூடாது என்பதே நான் கடைப்பிடிக்கும் விதி.

வேலி எங்கே?

"போர்க் கருவியை ஏன் இவ்வளவு ஆசையாகச் செய்கிறீர்கள்?" என்று ஒரு நண்பரின் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு எனக்குப் பதில் கிடைத்தது என் பாட்டியிடமிருந்து.

ஃபெரெட் சாயம் முடிந்து, வெறும் பலகையின் மேல் காய்ந்துகொண்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இந்த மாதிரிதான் வரும்" என்றார். பிறகு, "ஏம்ப்பா, வேலி எங்க? நாங்க முள்வேலிக்கு உள்ள நின்னுல்ல பாப்போம்" என்றார்.

அவசரகாலத்தில் காட்டிலிருந்தவர்களுக்கு உணவு போகாமல் தடுக்க, 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின் கீழ் புதுக்கிராமங்கள் உருவானதை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். சிதறிக் கிடந்த தோட்டத்து லயங்களையும் ஒன்றுசேர்த்து முள்வேலிக்குள் வைத்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அன்று மாலை பாட்டி பேசினார். இருட்டினால் வெளியே வரக் கூடாது. காலையில் கேட்டில் நிறுத்தி, தூக்குச் சட்டியைத் திறந்து பார்ப்பார்கள். சோறு எடுத்துக்கொண்டு வெட்டுக்குப் போக முடியாது. பசியோடு வெட்டி, பால் எடுத்து, திரும்பி வந்துதான் சாப்பாடு. இத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் இதையெல்லாம் நான் அவரிடம் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இப்போது பலகையில் வேலி இருக்கிறது. பழைய மின்கம்பிக்குள் இருக்கும் மெல்லிய செம்பு இழைகளை முறுக்கி, முள் கட்டினேன். இரண்டரை மீட்டர் வேலி, மாதிரியில் ஏழு சென்டிமீட்டர். ஃபெரெட்டின் உயரம் ஐந்தரை சென்டிமீட்டர்கூட இல்லை. பக்கத்தில் வைத்ததும்தான் தெரிந்தது, வண்டியைவிட வேலி உயரம். ஒரு ரப்பர் மரமும் நட்டேன். வெட்டுக்கோடு இடமேலிருந்து வலக்கீழாகச் சரியும், அதன் அடியில் மூன்று மில்லிமீட்டரில் ஒரு பால்கோப்பை. போர் மாதிரிகள் பெரும்பாலும் வீரர்களின் கதையைச் சொல்கின்றன. அதே பலகையில் நம் ஆட்களுக்கும் இடம் கொடுக்க முடியும். அதை நாம் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்யப்போவதில்லை.

தொடங்க நினைப்பவர்களுக்கு

- முதல் வண்டி சிறியதாக இருக்கட்டும். சங்கிலிப் பட்டை உள்ள டாங்கியைவிடச் சக்கர வண்டியில் பாகங்கள் பொதுவாகக் குறைவு. ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 1/35 ஃபெரெட் நல்ல தொடக்கம். சாலடின் டிராகன் நிறுவனத்தின் வெளியீடு.
- குறடு, கத்தி, மணல்தாள், பசை, மூன்று தூரிகைகள் போதும். காற்றுத் தூரிகை பிறகு வாங்கிக்கொள்ளலாம்.
- லேக்கர், தின்னர் இரண்டின் ஆவியும் கெடுதல். ஜன்னலைத் திறந்து, அதற்குரிய முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கத்தியும் பசையும் சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டக் கூடாது.
- தொடங்குமுன் நிஜ வண்டிகளைப் படம் எடுங்கள். தோட்டத்து டிராக்டர், பழைய லோரி, துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டி எல்லாமே பாடம்.
- முடித்ததை அலமாரியில் பூட்டிவிடாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் கையில் கொடுத்து, என்ன குறைகிறது என்று கேளுங்கள். அவர்கள் பேசும்போது கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கடைசியாகச் சொன்னதைத் தள்ளிப்போட வேண்டாம். அவசரகாலத்தில் பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபத்தைந்துக்கு மேல். லயங்கள் பல இடிக்கப்பட்டுவிட்டன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனையும், செம்பனை நின்ற இடத்தில் வீடமைப்புத் திட்டங்களும் வந்துவிட்டன. மாதிரிப் பெட்டி அடுத்த ஆண்டும் கடையில் கிடைக்கும். வேலி எங்கே என்று கேட்க ஆள் இருக்க வேண்டும்.