இருட்டில் கோழி ஏன் ஓடுவதில்லை?

வீட்டில் கோழி வளர்ப்பவர்களுக்கு ஒரு வேதனையான அனுபவம் இருக்கும். மாலையில் எண்ணி அடைத்த கோழிகளில் நான்கைந்து, விடியும்போது செத்துக் கிடக்கும். தூக்கிச் சென்றது ஒன்றுதான். மற்றவை கழுத்தில் கடிபட்டு அங்கேயே கிடக்கும். முட்டை விற்றுப் பள்ளிச் செலவைப் பார்க்கும் குடும்பத்துக்கு இது சிறிய இழப்பு அல்ல. பகலில் ஒரு காகத்தின் நிழலைக் கண்டாலே கூச்சலிட்டுக் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுக்கும் கோழி, இரவில் ஏன் அப்படியே உட்கார்ந்திருக்கிறது? விடை அதன் கண்ணில் இருக்கிறது.

இரு வகைக் கண்கள்

விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இரு வகை. கூம்பு செல்கள் நிறத்தைக் காட்டும். ஆனால் நல்ல வெளிச்சம் தேவை. கோல் செல்கள் நிறம் காட்டா. மங்கிய ஒளியிலும் வேலை செய்யும். கோழியின் கண்ணில் கூம்பு செல்களே மிகுதி. நமக்கு நிறம் அறியும் கூம்பு செல்கள் மூன்று வகை, கோழிக்கு நான்கு. நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியின் ஒரு பகுதிகூட அதற்குத் தெரியும். பகலில் அது நம்மைவிட வண்ணமயமான உலகைப் பார்க்கிறது. ஆனால் முழுநிலவின் வெளிச்சம் சூரிய ஒளியில் ஏறத்தாழ 4 லட்சத்தில் ஒரு பங்குதான். அந்த ஒளியில் கோழி குருடு போலாகிவிடுகிறது.

இரவில் வரும் காட்டுப்பூனை, மரநாய், நரி ஆகியவற்றின் கதை வேறு. இவற்றின் கண்ணில் கோல் செல்கள் நிறைந்திருக்கும். அதோடு விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலமும் உண்டு. விழித்திரையில் பிடிபடாமல் கடந்துபோன ஒளியை அது திருப்பி அனுப்புகிறது. ஒரே ஒளிக்கு இரண்டு வாய்ப்பு! பூனையின் கண் ‘எரிவது’ இதனால்தான்.

இரை தப்பி ஓடாதபோது வேட்டை விலங்கு ஒன்றோடு நிறுத்துவதில்லை. ஹான்ஸ் குரூக் என்ற விலங்கியலாளர் 1972-இல் வெளியிட்ட ஆய்வில் இதை விளக்கினார். இங்கிலாந்தின் கடற்கரையில், மிக இருண்ட இரவுகளில் பறக்காமல் உட்கார்ந்திருந்த கடற்காகங்களை நரிகள் தின்னும் தேவைக்கு மேல் கொன்று போட்டிருந்தன. கூண்டுக்குள் நடப்பதும் இதுவே. இது விலங்கின் ‘கொடூரம்’ அல்ல. ஓடாத இரை அதன் கடிக்கும் இயல்பைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. ஆகவே இரவில் கோழிக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி இல்லை. காப்பது கூண்டின் வேலை.

பஞ்சாரத்தின் மேல் கல்

சில ஊர்களில் பஞ்சாரம் என்றும், சில ஊர்களில் கொடாப்பு என்றும் சொல்லும் கூடையைக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைப்பார்கள். அதில் நல்ல இயற்பியல் இருக்கிறது. கூடையின் எடை 3 கிலோ என்று கொள்வோம். ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் எதிர் ஓரம் தரையில் ஊன்றி நிற்கும். எடை நடுவில் இருப்பதால், தூக்கத் தேவையான விசை முழு எடையில் பாதி. அதாவது ஒன்றரைக் கிலோ எடைக்குச் சமம். நடுவில் 10 கிலோ கல்லை வைத்தால் அது ஆறரைக் கிலோவாகிறது. மரநாயின் மொத்த எடையே 2 முதல் 5 கிலோதான். இனி மூக்கை நுழைத்து அதனால் தூக்க முடியாது.

கல் ஓரமாக இருந்தால் என்ன ஆகும்? கல்லுக்கு எதிர்ப்புறத்து ஓரத்தைத் தூக்குவது எளிதாகிவிடும். திருப்புத்திறன் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள், காரணம் விளங்கும்.

வலையும் காற்றும்

நிரந்தரக் கூண்டுக்கு அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழி வலை போதாது. அது கோழியை உள்ளே வைக்கும். பல்லும் நகமும் உள்ள விலங்கை வெளியே வைக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பி வலை நல்லது. குஞ்சை விழுங்குமளவு பருத்த நல்லபாம்பு அதில் நுழையாது.

மண்ணைத் தோண்டும் விலங்குகள் சுவரின் அடியை ஒட்டியே தோண்டத் தொடங்கும். அதனால் வலையைச் சுவரோடு நிறுத்தாமல், வெளிப்புறமாக ஒன்றரை அடி மடக்கித் தரையில் பரப்பி மண்ணால் மூடுங்கள். தோண்டும் நகம் முதலில் கம்பியைத்தான் சந்திக்கும்.

பயந்து எல்லா இடுக்கையும் அடைத்துவிடாதீர்கள். கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ், அதற்கு வியர்க்காது. ஓய்வாக இருக்கும் கோழி ஒன்று ஏறத்தாழ 5 வாட் வெப்பம் வெளியிடும். பத்துக் கோழிகள் என்றால், கூண்டுக்குள் 50 வாட் அடுப்பு ஒன்று இரவு முழுவதும் எரிவது போல! சூடான காற்று மேலே எழும். ஆகவே கூரைக்குச் சற்றுக் கீழே வலையடித்த திறப்பு கட்டாயம் வேண்டும். எச்சத்திலிருந்து எழும் அம்மோனியாவும் அவ்வழியே வெளியேறும்.

ஒருபோதும் செய்யக்கூடாதது

சிலர் கூண்டைச் சுற்றிக் கம்பி கட்டி வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுகிறார்கள். ஓம் விதியைப் போட்டுப் பாருங்கள். மின்னழுத்தம் 230 வோல்ட். ஈரமான உடலின் மின்தடை ஏறத்தாழ 1000 ஓம். பாயும் மின்னோட்டம் 230 மில்லி ஆம்பியர். ஒரு நொடி பாய்ந்தால் 100 மில்லி ஆம்பியரே இதயத் துடிப்பைக் குலைத்துக் கொன்றுவிடும். ‘ஃபியூஸ் போய்விடுமே’ என்பீர்கள். போகாது! 5 ஆம்பியர் ஃபியூஸுக்கு 230 மில்லி ஆம்பியர் ஒரு பொருட்டே அல்ல. ஃபியூஸ் காப்பது கம்பியை, மனிதனை அல்ல.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே இப்படிப்பட்ட சட்டவிரோத மின்வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன. யானையைக் கொன்ற மின்சாரம், இரவில் கூண்டுப் பக்கம் போகும் உங்கள் தம்பியை விட்டுவிடுமா? விஷம் வைப்பதும் கண்ணி வைப்பதும் தவறே. மரநாய், காட்டுப்பூனை, நரி, பாம்பு ஆகியவை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. வயல் எலிகளைத் தின்று நமக்கு உதவுபவையும் இவற்றில் உண்டு.

செய்து பாருங்கள்

இருட்டில் வீட்டுப் பூனை சற்றுத் தள்ளி நிற்கும்போது, பெரியவர் ஒருவர் துணையோடு டார்ச் விளக்கை அதன் பக்கம் ஒரு கணம் அடியுங்கள். முதலில் கையை நீட்டி இடுப்பருகே பிடித்தும், பிறகு உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தும் பாருங்கள். எப்போது அதன் கண் அதிகமாக ஒளிர்கிறது? ஏன்? வந்த வழியே ஒளி திரும்பிச் செல்கிறது என்பதை வைத்து விடையைக் கண்டுபிடியுங்கள். பிறகு அதே டார்ச்சை உங்கள் வீட்டுக் கோழியின் கண்ணில் ஒரு கணம் அடித்து, அங்கே அந்த ஒளிர்வு தெரிகிறதா என்றும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.