சீட்டே வாங்காமல் பரிசா?

குட்டீஸ்! 'வாழ்த்துகள்! உங்கள் இ-மெயில் முகவரிக்கு 5 லட்சம் பவுண்டு பரிசு விழுந்திருக்கிறது' என்று ஒரு கடிதம் வந்தால் என்ன செய்வீர்கள்? 2000-களில் பிரவுசிங் சென்டருக்குப் போய் மெயில் பார்த்த உங்கள் மாமா, சித்தப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு தரமாவது அவர்கள் 'கோடீஸ்வரர்' ஆகியிருப்பார்கள்! இங்கிலாந்து லாட்டரி, யாகூ லாட்டரி, மைக்ரோசாஃப்ட் லாட்டரி என்று விதவிதமான பெயர்கள். இப்போது அதே கடிதம் வாட்ஸ்அப்பில் வருகிறது. 'கோன் பனேகா குரோர்பதி' டிவி நிகழ்ச்சியின் பெயரைத் திருடி, அமிதாப் பச்சன் படம் போட்டு, 25 லட்சம் ரூபாய் பரிசு என்று சொல்கிறார்கள்.

இது நிஜமா, பொய்யா? தெரிந்துகொள்ள, நிஜமான பரிசு எப்படிக் கிடைக்கிறது என்று முதலில் பார்ப்போம். அதற்கு நம்ம கோவைப் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலேயே லாட்டரிக்குத் தடை போட்டுவிட்டார்கள். ஆனால் கோவையிலிருந்து பாலக்காடு ரோட்டில் க.க.சாவடியைத் தாண்டினால் வாளையாறு. அங்கே கேரளா வந்துவிடும். அங்கு 1967-ல் அரசே லாட்டரியைத் தொடங்கியது. 2023 செப்டம்பரில் நடந்த ஓணம் பம்பர் குலுக்கலில் முதல் பரிசு 25 கோடி ரூபாய்! அது விழுந்தது வாளையாறில் விற்ற ஒரு சீட்டுக்கு. அதைச் சேர்ந்து வாங்கியிருந்த நாலு பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். (உடனே 'நாமும் வாங்கலாமே' என்று அப்பாவிடம் போய் நிற்காதீர்கள். அந்த முறை விற்றவை 70 லட்சம் சீட்டுகளுக்கும் மேல்!)

கவனித்தீர்களா? அவர்கள் கையில் காகிதச் சீட்டு இருந்தது. அந்த அசல் சீட்டைக் கொடுத்தால்தான் பரிசு கிடைக்கும்.

இனி ஒரு கணக்கு. 25 கோடியில் ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம். அதாவது இரண்டரைக் கோடி. மீதி 22.5 கோடியில் வருமான வரி 30 சதவீதம், அதாவது 6.75 கோடி. ஆக, நிற்பது 15.75 கோடி. (இதற்கு மேல் கூடுதல் வரியும் உண்டு.) முக்கியமான விஷயம் என்னவென்றால், கமிஷனையும் வரியையும் பரிசுப் பணத்திலிருந்தே கழித்துக்கொள்கிறார்கள். 'முதலில் நீ கட்டு, அப்புறம் பரிசு தருகிறேன்' என்று சொல்வதில்லை.

ஏமாற்றுக்காரன் செய்வது இதற்கு நேர் எதிர். முதலில் 'திருப்பித் தந்துவிடுவோம்' என்று சொல்லி ஒரு சின்னக் கட்டணம் கேட்பான். கட்டினால் 'ஜிஎஸ்டி பாக்கி' என்பான். அதையும் கட்டினால், பரிசுத் தொகை கூடிவிட்டது என்று சொல்லி இன்னொரு கட்டணம். 'இவ்வளவு கட்டிவிட்டோமே, இப்போது விட்டால் எல்லாம் போய்விடுமே' என்று நினைத்துத்தான் மேலும் மேலும் கட்டுகிறார்கள். தூண்டிலில் புழு ஒன்றுதான். மீன் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது! வெளிநாட்டு லாட்டரிக்கு இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவதே 1999-ம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டப்படி தவறு என்பது பலருக்குத் தெரியாது.

அந்தக் கடிதங்களில் எழுத்துப்பிழை மலிந்திருக்கும். ஏன் இப்படி? மைக்ரோசாஃப்ட் நிறுவன ஆராய்ச்சியாளர் கார்மக் ஹெர்லி 2012-ல் ஒரு சுவையான விளக்கம் சொன்னார். கடிதம் அபத்தமாக இருந்தால் சந்தேகப்படுகிறவர்கள் அதிலேயே விலகிவிடுவார்கள்; கடைசிவரை நம்பக்கூடியவர்கள் மட்டும் பதில் போடுவார்கள். ஏமாற்றுக்காரனுக்கு நேரம் மிச்சம்! அதற்காகப் பிழையில்லாத கடிதமெல்லாம் நிஜம் என்று நினைத்துவிடாதீர்கள். இப்போது கம்ப்யூட்டரே அழகாக எழுதிக் கொடுத்துவிடுகிறது.

உங்களுக்கென்றே ஒரு தூண்டிலும் இருக்கிறது. 'மொபைல் கேமில் இலவச டைமண்ட், இந்த லிங்க்கைத் தொடு' என்று வரும். தொட்டால் பாஸ்வேர்டு கேட்கும். கொடுத்தால் உங்கள் கேம் அக்கவுன்டே பறிபோகும். போனில் அம்மாவின் பேங்க் ஆப் இருக்கிறது என்பதும் ஞாபகமிருக்கட்டும்.

இன்னொன்று. இங்கிலீஷில் ஏதாவது மெசேஜ் வந்தால் அப்புச்சியும் அம்மிச்சியும் யாரைக் கூப்பிடுகிறார்கள்? "கண்ணு, இதுல என்னன்னு போட்டிருக்குது, படிச்சுச் சொல்லு" என்று உங்களைத்தானே? பரிசு என்ற வார்த்தையைப் பார்த்ததும் துள்ளிக் குதித்துக் கத்திவிட்டால், அவர்கள் நம்பிவிடுவார்கள். ஆடு விற்ற காசோ, பென்ஷன் பணமோ போய்விடும். அதனால் முழுசாகப் படித்துவிட்டு, "அப்புச்சி, நீங்க சீட்டு வாங்குனீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் படித்துச் சொல்லாதீர்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டார்கள் என்று தெரிந்தால் சிரிக்காதீர்கள். வெட்கப்பட்டுக்கொண்டே பலர் வெளியே சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். அதற்குள் பணம் கைமாறிப் போய்விடும். உடனே பெரியவர்கள் மூலம் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால், போன பணத்தை வழியிலேயே பேங்க்கில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. கோபத்தில் அந்த மெசேஜை மட்டும் அழித்துவிட வேண்டாம். போலீசுக்கு அதுதான் சாட்சி!