வில்லன் இல்லாத வீடு

படங்களைப் பற்றி எனக்கும் என் தமக்கையாருக்கும் ஒருநாளும் ஒத்துவந்ததில்லை. மாலையானதும் எங்கள் வீட்டு விறாந்தையிலே அவருக்கென ஓர் உலகம் திறக்கும். மாமியார் மருமகளின் பாலில் மருந்து கலக்கும் உலகம் அது. ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வருவதை மூன்று கோணங்களில் மும்முறை காட்டி, மும்முறையும் இடி முழக்கும் உலகம். நான் உள்ளறையிலிருந்து, "அக்கா, சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோ" என்று முறையிடுவேன். "உன்ரை படங்களிலை ஒருதரும் வாய் திறக்கிறேல்லை. நீ அதைப் போட்டுப் பார்" என்பது அவர் மறுமொழி.

இவ்வழக்கிலே நீதி என் பக்கமே என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். பெரும்பாலும் இன்றும் அவ்வாறே எண்ணுகிறேன். ஆயினும், அண்மையில் ஒரு மழைநாளில் இருவரும் ஒன்றாயிருந்து பார்த்த படமொன்று அவ்வெண்ணத்தின் ஓரத்தைச் சற்றே அரித்துவிட்டது.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தலைமுறையினர் திரைப்படத்தைக் கண்ணாற் பார்த்ததிலும் காதாற் கேட்டதே அதிகம். 1952 இல் வெளிவந்த 'பராசக்தி'யின் நீதிமன்றப் பேச்சையும், 1959 இல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்ம'னின் வாதத்தையும் கலியாண வீட்டு ஒலிபெருக்கியிற் கேட்டு மனனஞ் செய்தவர்கள் நாங்கள். படத்தைக் காணாமலே படத்தை ஒப்புவிக்கக்கூடிய இரசிகர்கள்! இதனை இழிவாகச் சொல்லவில்லை. அந்த வசனங்களின் மிடுக்கு இன்றும் என்னைத் தொடும். ஆனால், உள்ளத்தில் நிகழ்வதையெல்லாம் வாய் சொல்லித் தீர்த்துவிட வேண்டும் என்ற பழக்கத்தை அவை எமக்கு ஊட்டிவிட்டன. தொலைக்காட்சித் தொடர்கள் அப்பழக்கத்தின் கடைசி வாரிசுகள். ஒருத்தி துயருற்றாள் என்றால் அவள் அழ வேண்டும்; அவள் அழுவதை இன்னொருத்தி சொல்ல வேண்டும்; அதற்குக் காரணமானவளைத் தனியே நிறுத்திக் காட்டவும் வேண்டும்.

எல்லாத் தொடர்களையும் ஒரே தராசில் இடுவது நேர்மையன்று. 2002 முதல் 2005 வரை ஒளிபரப்பான 'மெட்டி ஒலி'யிலே, ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனார் ஒன்றுஞ் செய்ய இயலாது வாசலில் நிற்கும் காட்சிகள் சில உள. அவற்றை நான் கள்ளமாக நின்று பார்த்ததுண்டு. அக்காவிடம் சொன்னதில்லை.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். யப்பானிய நெறியாளர் யசுஜிரோ ஓசு 1953 இல் எடுத்த 'ரோக்கியோ கதை' அது. 2012 இல் 'சைற் அன்ட் சவுண்ட்' என்ற ஆங்கிலச் சஞ்சிகை உலகின் நெறியாளர்களிடம் வாக்கெடுத்தபோது முதலிடம் பெற்ற படம். கதை என்று சொல்ல அதிலே அதிகம் இல்லை. ஒனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து ஒரு முதிய தம்பதியர் ரோக்கியோவிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகின்றனர். மகன் வைத்தியர், மகள் பெண்களின் முடியலங்காரக் கடை நடத்துபவள். இருவருக்கும் ஓய்வில்லை. போரில் மாண்ட இன்னொரு மகனின் மனைவி நொறிக்கோ மட்டும் வேலைக்கு ஒருநாள் விடுப்பெடுத்து அவர்களை நகர் சுற்றிக் காட்டுகிறாள். பிள்ளைகள் கூடிப் பணம் போட்டு அவர்களை அற்றாமி என்ற வெந்நீரூற்று ஊருக்கு அனுப்புகின்றனர். அங்கே இரவெல்லாம் இளைஞர்களின் இரைச்சல், உறக்கமில்லை. முதியோர் திரும்புகின்றனர். ஊர் மீண்ட சில நாளில் தாய் இறந்துபோகிறாள்.

அக்கா வழமைபோலப் பாயில் அமர்ந்திருந்தார். ஆங்கில எழுத்தை வாசித்து நான் தமிழிற் சொல்லிக்கொண்டு வந்தேன். கால்மணி நேரத்துள், "நீ பேசாமல் இரு, எனக்கு விளங்குது" என்று தடுத்துவிட்டார். எனக்கு வியப்பு. பின்னர் யோசித்தபோது அதில் வியப்பதற்கு ஏதுமில்லை என்று தோன்றியது. ஓசு தமது கமெராவை, தரையிற் பாய்மீது அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்தை ஒட்டியே தாழ்த்தி வைக்கிறார். படம் முழுவதிலும் அது ஓரிரு இடங்களிலன்றி அசைவதேயில்லை. கதிரையிலிருந்து சற்றுக் கீழ்நோக்கிப் பார்த்த எனக்கு அது ஒரு கலையுத்தி. பாயிலிருந்த அக்காவுக்கோ அது எதிர்வீட்டு விறாந்தை.

தொடக்கத்திலே பயணத்துக்குப் பொதி கட்டும்போது, காற்றடைத்த தலையணையை மனைவியிடந்தானே கொடுத்தேன் என்று கிழவர் சாதிப்பார். அவள் இல்லையென்பாள். சிறிது நேரத்தில் அது அவரிடமே கிடைக்கும். அவர் மன்னிப்புக் கேட்பதில்லை, அவளும் எதிர்பார்ப்பதில்லை. அக்கா சிரித்த சிரிப்பில், காலஞ்சென்ற அத்தான் அந்த விறாந்தையிலே வந்து நின்றார்.

நான் காத்திருந்தது மகள் ஷிகேயின் காட்சிகளுக்காக. தாய் தந்தையரை யாரென்று கடைக்கு வந்தவள் வினவ, ஊரிலிருந்து வந்த தெரிந்தவர்கள் என்று சொல்லிவிடுகிறாள். அவர்களுக்கென வாங்கிவந்த விலைகூடிய இனிப்பைக் கண்டு கணவனைக் கடிகிறாள். தாயின் ஈமச்சடங்கு முடிந்ததுமே, அவளுடைய உடைகளில் தனக்கு வேண்டியதைக் கேட்கிறாள். "பாத்தியளே அக்கா, உங்கடை நாடகத்து வில்லியள் தோற்றுப் போவினம்" என்றேன். வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

அக்கா திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: "அவளை ஏன் குறை சொல்லுறாய்? கடையைப் பூட்டினால் அண்டைக்குச் சீவியம் இல்லை. அவளும் பாவம்."

சற்றுப் பொறுத்து, கேளாமலே தொடர்ந்தார். "ரொறன்ரோவிலை எனக்குக் குளிர் ஒண்டும் செய்யேல்லை. ஒருநாள் பிள்ளையின்ரை வீட்டிலை விருந்து. அவளோடை வேலை செய்யிற வெள்ளைக்காரச் சனம். நான் பேஸ்மென்ரிலை போய் இருந்தனான். அவள் போகச் சொல்லேல்லை. நானாத்தான் போனனான். அவள் வந்து கூப்பிடவுமில்லை."

ஆறு மாதம் நிற்பதற்கென்று போனவர் மூன்றாம் மாதமே திரும்பியது ஏன் என்பதற்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்ற காரணமே எங்கள் வீட்டில் இதுகாறும் வழங்கிவந்தது. நான் ஒன்றுங் கேட்கவில்லை. படம் ஓடிக்கொண்டிருந்தது.

முதியோரின் அவலம் திரைக்குப் புதிதன்று. 1937 இல் அமெரிக்கரான லியோ மக்கேரி எடுத்த 'மேக் வே ஃபோர் ருமோறோ' என்ற படத்திலே, வீட்டை வங்கியிடம் இழந்த கிழவனும் கிழவியும் வெவ்வேறு பிள்ளைகளிடம் பிரித்தனுப்பப்பட்டு, ஈற்றிற் புகையிரத நிலையத்தில் விடைபெறுகின்றனர். ஓசுவுடன் சேர்ந்து கதை எழுதிய கோகோ நோடா அதைப் பார்த்திருந்தவர். தமிழிலும் எடுத்துக்காட்டு இல்லாமற் போகவில்லை. மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திராவின் 'வீடு' 1988 இல் வெளிவந்தது. அதிலே பாட்டனார் கட்டி முடியாத வீட்டைத் தனியே பார்க்க வந்து, சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார். சொக்கலிங்க பாகவதர் அங்கே ஒரு சொல்லும் பேசுவதில்லை. அந்தச் சில நிமிடங்களுக்கு ஈடாக எங்கள் நீதிமன்ற வசனங்கள் அத்தனையையும் கொடுத்துவிட நான் ஆயத்தம்.

ஆனால், சொற்சிக்கனமே ஓசுவின் பெருமை என்று இத்தனை காலமும் நான் கருதிவந்தது பாதியுண்மைதான். அவர் விட்டுவிட்ட பெரும்பொருள் பேச்சன்று, வில்லன். எங்கள் தொடர்களிலே ஒரு தாய் வருந்தினால் உடனே ஒரு கொடியவளைக் காட்டிவிடுகின்றனர். பார்ப்பவன் அவளை ஏசுவான். ஏசியதும் அவன் மனம் இலேசாகிவிடும். ஷிகேயை அப்படி ஏசித் தீர்க்க முடியாது. தந்தையார் பழைய நண்பர்களோடு குடித்துவிட்டு நள்ளிரவில் பொலிஸ்காரரின் துணையுடன் வந்து அவள் கடை நாற்காலியிற் சாய்ந்துவிடும்போது, அவள் சினப்பதிலும் நியாயமுண்டே! அவளை ஏச வாயெடுத்தவன் நான். பெற்ற பிள்ளையின் வீட்டிலே நிலக்கீழ் அறையில் இருந்தவர் அவளுக்காகப் பேசினார்.

நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கிழவராக வரும் சிஷு ரியூவுக்கு அப்போது வயது 49 மாத்திரமே. அதை அறிந்த பின்னரும் அவர் முதுகின் வளைவை என்னால் நடிப்பென்று நம்ப முடியவில்லை. நொறிக்கோவாக வரும் செற்சுக்கோ ஹறாவைப் பலர் போற்றுவர். எனக்கோ அவர் புன்னகை சில இடங்களிற் சற்று மிகையாகவே படுகிறது. தாயின் இறப்புக்குப் பின்னர், வாழ்க்கை ஏமாற்றந் தருவதல்லவா என்று கடைசி மகள் கேட்க, ஆமென்று ஒப்புக்கொண்டு அவர் புன்னகைப்பார். அவ்விடத்தில் மட்டும் என் குறையை மீட்டுக்கொள்கிறேன்.

அக்கா அழவில்லை. தொடர் பார்த்துத் தலைப்பால் கண்ணைத் துடைப்பவர், இதற்கு ஒரு துளியும் விடவில்லை. படத்தின் முடிவில் கிழவர் வெறும் வீட்டிலே தனியே அமர்ந்து விசிறிக்கொண்டிருக்கிறார். அயலவள் சாளரத்தருகே வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறாள். தொலைவிலே படகொன்று செல்கிறது.

"கடைசிப் பெட்டைதானே இப்ப அவரோடை இருக்கிறாள்?" என்று அக்கா கேட்டார்.

"ஓம்" என்றேன்.

"அவளும் கலியாணம் முடிச்சுப் போனாப் பிறகு, ஆர் சமைச்சுக் குடுக்கிறது?"

ஓசு அதைச் சொல்லவில்லை என்றேன். அவர் எழுந்து, மழை ஓய்ந்துவிட்டதா என்று வாசலில் நின்று பார்த்தார். நான் இறுவட்டை எடுத்து உறையில் இட்டேன்.