கெர்னல் செத்தால் சாட்சி சொல்வது யார்?

சில வருஷங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு லினக்ஸ் சர்வர் ராத்திரி மூணு மணி வாக்கில் செத்துப் போகும். நைட் ஷிஃப்ட் ஆள் பவரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவார். அது ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து உட்காரும். காலையில் லாக்கைத் திறந்தால் 3:07க்கு வழக்கமான ஒரு வரி. அடுத்த வரி 3:21க்கு, புது பூட். நடுவில் ஒன்றுமே இல்லை. ஒரே மாசத்தில் மூணு தடவை இப்படி. ஹார்டுவேர்தான் என்று நான் அடித்துச் சொன்னேன். மெமரி ஸ்டிக்கை மாற்றினோம், பவர் சப்ளையை மாற்றினோம். நாலாவது தடவையும் விழுந்தது.

லாக்கில் ஏன் ஒன்றும் இல்லை? சாதாரண ப்ரோக்ராம் ஒன்று விழுந்தால், அதன் மெமரியை ஒரு கோர் ஃபைலாக எழுதி வைக்க கெர்னல் இருக்கிறது. கெர்னலே விழுந்தால் அதற்கு மேலே யாரும் இல்லை. லாக் எழுதும் ப்ரோக்ராம் ஓடுவதற்கே கெர்னல் வேணும். சரி, சாகிற கெர்னலே டிஸ்க்கில் எழுதிவிட்டுப் போகட்டுமே என்றால், அங்கேதான் சிக்கல். எழுத வேண்டிய டிஸ்க் டிரைவரே கெட்டுப் போயிருக்கலாம். அதற்குத் தேவையான பூட்டை இன்னொரு சிபியு பிடித்துக்கொண்டே நின்றுபோயிருக்கலாம். இன்னும் மோசம், நல்ல டேட்டா இருக்கும் இடத்தில் குப்பையை எழுதிவிடலாம்.

இது பழைய தலைவலி. 1975இல் வந்த யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கையேட்டில் இதற்கு ஒரு வழி இருக்கிறது: டேப்பை மாட்டு, மெஷினை நிறுத்து, 44 என்ற முகவரியிலிருந்து ஓடவிடு, மெமரி முழுக்க டேப்பில் இறங்கும். பின்னால் வந்த பிஎஸ்டி, ஸ்வாப் இடத்தில் கொட்டிவிட்டு அடுத்த பூட்டில் அதை ஃபைலாக எடுத்து வைத்தது. இரண்டிலும் எழுதுவது செத்துக்கொண்டிருக்கும் அதே கெர்னலின் கோடுதான்.

லினக்ஸில் இதற்கு வந்த விடை கேடம்ப். 2005இல் 2.6.13 பதிப்பில் சேர்ந்தது. விவேக் கோயல், எரிக் பீடர்மேன், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா மூவரும் அந்த வருஷம் ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் இதைப் பற்றி ஒரு கட்டுரை கொடுத்தார்கள். அடிப்படை, பீடர்மேன் எழுதிய கேஎக்ஸெக். பயாஸுக்குப் போகாமல், ஓடும் கெர்னலிலிருந்து நேரே இன்னொரு கெர்னலுக்குத் தாவும் வசதி அது. சீக்கிரம் ரீபூட் ஆவதற்காக வந்த விஷயம். ஆனால் பயாஸைத் தொடாததால் மெமரியும் அப்படியே இருக்கும் இல்லையா? அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

மெஷின் பூட் ஆகும்போதே கொஞ்சம் மெமரியை, உதாரணமாக 256 எம்பி, கெர்னல் ஒதுக்கி வைக்கிறது. அதில் இரண்டாவது கெர்னல் ஒன்றை ஏற்றித் தூங்க வைத்துவிடுகிறோம். முதல் கெர்னல் அந்தப் பக்கமே போகாது. பேனிக் வந்தால் மற்ற சிபியுக்களை நிறுத்தி, ரெஜிஸ்டர்களைக் குறித்து வைத்து, அங்கே தாவுகிறது. செத்தவன் செய்ய வேண்டிய வேலை அவ்வளவுதான். எழுந்தவன் தன் சின்ன இடத்துக்குள்ளேயே ஓடிக்கொண்டு, மீதி மெமரி முழுவதையும் விஎம்கோர் என்ற ஒரே ஃபைலாகப் பார்க்கிறான்.

ஏன் தனி இடம்? நெட்வொர்க் கார்டுக்கு கெர்னல் செத்தது தெரியாது. முன்பு சொன்ன முகவரிகளில் வரும் பாக்கெட்டுகளைப் போட்டுக்கொண்டே இருக்கும். பழைய மெமரிக்குள் புது கெர்னலை உட்கார வைத்தால் அதன் தலையிலேயே விழும். ஒதுக்கிய இடத்தின் முகவரி எந்தக் கார்டுக்கும் கொடுக்கப்படவே இல்லை. இந்த ஒரு பாயின்ட் எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆச்சு.

மெமரி மொத்தத்தையும் சேமிக்கவும் வேண்டாம். மேக்டம்ப்ஃபைல் என்ற கருவி காலிப் பக்கங்கள், டிஸ்க் கேஷ், ப்ரோக்ராம்களின் சொந்தப் பக்கங்கள் எல்லாவற்றையும் கழித்து, மீதியைச் சுருக்கி எழுதும்.

நாங்கள் இதை வைத்தபோது முதல் சோதனையிலேயே தோற்றது. சிஸ்ஆர்க்யூ ட்ரிகரில் 'சி' எழுதி வேண்டுமென்றே பேனிக் கொடுத்தோம். ஒதுக்கியிருந்த 128 எம்பி இரண்டாவது கெர்னலுக்குப் போதவில்லை, அதுவும் சுருண்டது. 256 ஆக்கியதும் சரியானது. சோதிக்காமல் விட்டிருந்தால் ஐந்தாவது தடவையும் வெறும் கைதான். இன்னொன்று, மெஷின் பேனிக் ஆகாமல் வெறுமனே உறைந்து நின்றால் இது தானாகக் கிளம்பாது. அதைக் கண்டுபிடித்து பேனிக் ஆக்கும் வாட்ச்டாகையும் போட்டுவைக்கணும்.

ஐந்தாவது தடவை ஃபைல் கிடைத்தது. க்ராஷ் என்ற கருவியில் திறந்தேன். ஒரு ரெஜிஸ்டரில் இருந்த எண், ஹெக்ஸில் 'டெட்' என்ற நாலு எழுத்தில் ஆரம்பித்து, வரிசையாகச் சுழிகள் வந்து, 100 என்று முடிந்தது. இது தற்செயல் இல்லை. லிஸ்டிலிருந்து ஒரு உறுப்பை நீக்கும்போது அதன் அடுத்த சுட்டியில் கெர்னல் இந்த எண்ணைத்தான் எழுதி வைக்கும். நீக்கின உறுப்பை யாராவது தொட்டால் அங்கேயே மாட்டிக்கொள்ளட்டும் என்று. மாட்டிக்கொண்டது எங்கள் சொந்த மாட்யூல். அதை எழுதினது நான். லிஸ்டைப் பூட்டாமல் நடந்திருந்தேன். ராத்திரி மூணு மணிக்கு ஓடும் சுத்தம் செய்யும் வேலை அதே லிஸ்டிலிருந்து உறுப்புகளை நீக்கிக்கொண்டிருந்தது. திருத்தம் இரண்டு வரி. மெமரி ஸ்டிக் பாவம்.

அந்த ஃபைலை அன்றைக்கே அழித்துவிட்டேன். ப்ரோக்ராம்களின் பக்கங்களைக் கழித்தாலும் கெர்னலின் மெமரியில் டிஸ்க் என்க்ரிப்ஷன் சாவி, பாதி வந்த பாக்கெட் எல்லாம் அப்படியே இருக்கும். 2023இல் மைக்ரோசாஃப்ட் தன் கையொப்பச் சாவி ஒன்று வெளியே போனதற்கு ஒரு க்ராஷ் டம்ப்தான் வழி என்று எழுதியது. 2024 மார்ச்சில், அப்படி ஒரு டம்ப் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று திருத்திக்கொண்டது. யாராவது "விஎம்கோரை அனுப்புங்க" என்று கேட்டால் நான் முதலில் பேக்ட்ரேஸை மட்டும் அனுப்புகிறேன். பெரும்பாலும் அதுவே போதுமாக இருக்கிறது.