வெளி மாநிலத்தில் டிராக்டர் வாங்குமுன்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் வட்டாரங்களில் விவசாயிகள் கூட்டத்துக்குச் செல்லும்போதெல்லாம் பருத்தி இரகம், உளுந்தில் மஞ்சள் தேமல் நோய் பற்றிய கேள்விகள் முதலில் வரும். எல்லாம் முடிந்து காப்பி கொடுக்கும் நேரத்தில் ஒருவர் அருகில் வந்து மெதுவாகக் கேட்பார்: "சார், வெளி மாநிலத்தில் டிராக்டர் வாங்கினால் வரி குறையுமாமே, போய் வாங்கலாமா?"

நான் வேளாண்மை படித்தவன். வரிக் கணக்கு என் தொழில் அல்ல. ஆயினும் ஒரே கேள்வி பல ஊர்களில் வந்ததால் விவரங்களைத் திரட்டினேன்.

இந்தப் பேச்சுக்கு ஒரு காலத்தில் ஆதாரம் இருந்தது. விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. நம் மாநிலத்தில் 1959-ஆம் ஆண்டின் பொது விற்பனை வரிச் சட்டமும், 2007 ஜனவரி முதல் மதிப்புக் கூட்டு வரியும் நடப்பில் இருந்தன. புதுச்சேரி போன்ற இடங்களில் வாகனங்களுக்கு வரி குறைவு என்பதால் அங்கே போய் வாங்கி வந்தோர் பலர். 1956-ஆம் ஆண்டின் மத்திய விற்பனை வரிச் சட்டத்தில் 'சி' படிவம் என்று ஒரு சலுகை உண்டு. அது பதிவு பெற்ற வியாபாரிகளுக்கு மட்டுமே. விவசாயிக்கு அந்தப் படிவம் கிடையாது. 'தமிழ்நாட்டுக்கு விற்பனை' என்று டீலர் பில் போட்டால், 2007 மார்ச் வரை 10 சதவிகிதம் அல்லது அந்த மாநிலத்து வரி, இரண்டில் எது கூடுதலோ அதைக் கட்ட வேண்டியிருந்தது. எனவே உள்ளூர் ஆள் போலவே வாங்கி ஓட்டி வந்தார்கள்.

இதை அடைக்கத்தான் 1990-ல் தமிழக அரசு மோட்டார் வாகனங்களுக்கு நுழைவு வரிச் சட்டம் கொண்டு வந்தது. பதிவு செய்யப் போனால், அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டச் சொல்லும் ஏற்பாடு அது. 2021-ல் ஒரு நடிகரின் வெளிநாட்டுக் கார் வழக்கில் பத்திரிகைகளில் அடிபட்டதே, அதே நுழைவு வரிதான்.

அந்தக் கதையெல்லாம் 1.7.2017 அன்று சரக்கு சேவை வரி வந்ததோடு முடிந்தது. விவசாய டிராக்டருக்கு நாடு முழுவதும் ஒரே வரி. முதலில் 12 சதவிகிதமாக இருந்தது, 22.9.2025 முதல் 5 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. வரி சேராத விலை ரூ.6 லட்சம் என்று வைத்துக்கொண்டால், முன்பு ரூ.72,000 வரி, இப்போது ரூ.30,000. இந்த ரூ.42,000 குறைவு கோவில்பட்டியிலும் கிடைக்கும், கர்னூலிலும் கிடைக்கும், லூதியானாவிலும் கிடைக்கும். டிராக்டர் டயருக்கும், அறிவிக்கப்பட்ட உதிரி பாகங்களுக்கும் இருந்த 18 சதவிகித வரியும் அன்றே 5 ஆயிற்று. டீலர் பழைய கொட்டேஷனை நீட்டினால் வரிக் கணக்கு எந்த விகிதத்தில் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

பில்லில் வரியின் பெயர் மட்டும் மாறும். உள்ளூரில் வாங்கினால் மத்திய வரி 2½, மாநில வரி 2½ என்று இரண்டாகப் பிரித்திருக்கும். வெளி மாநிலத்தில் வாங்கி, பில்லில் உங்கள் தமிழ்நாட்டு முகவரி எழுதப்பட்டிருந்தால், 1.10.2023 முதல் உள்ள விதிப்படி 'ஒருங்கிணைந்த வரி 5 சதவிகிதம்' என்று ஒரே வரியாக வரும். கூட்டுத்தொகை ஒன்றே. "உள்ளூர் முகவரி போட்டுத் தருகிறேன், மிச்சமாகும்" என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். மிச்சம் ஏதும் ஆகாது. பதிவு செய்யப் போகும்போது பில்லில் ஒரு முகவரி, ஆதாரில் ஒரு முகவரி என்று சிக்கல்தான் மிச்சம். கான்ட்ராக்டர் ஒருவரின் வரிப் பதிவு எண்ணில் பில் போட்டு, பிறகு உங்கள் பெயருக்கு மாற்றலாம் என்ற யோசனையும் வேண்டாம். பில், கடன், பதிவு, காப்பீடு நான்கிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும்.

ஆக வரியில் லாபம் இல்லை. விலையில் இருக்கலாம். டீலருக்கு டீலர் தள்ளுபடி வேறுபடுகிறது. ஆண்டுக் கடைசியில் சரக்கைத் தள்ளிவிட விலையைக் குறைப்பவர்களும் உண்டு. ஆனால் அப்படிக் குறைத்துக் கொடுப்பது பெரும்பாலும் சென்ற ஆண்டு தயாரான வண்டியாக இருக்கும். தயாரித்த மாதம், ஆண்டு என்ன என்று கேட்டு, காகிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் விற்கப் போகும்போது வாங்குகிறவர் அந்த ஆண்டைத்தான் பார்ப்பார். ஒரே மாடல் பெயரில் பவர் ஸ்டியரிங் உள்ளதும் இல்லாததும், எண்ணெய் பிரேக் உள்ளதும் இல்லாததும் வரும். முன் எடை, கொக்கி, மேற்கூரை, பம்பர் இவை விலையில் சேர்ந்தவையா, தனிக் காசா என்பதையும் எழுதி வாங்க வேண்டும். இரண்டு முறை போய்வரும் செலவு, லாரி வாடகை, தற்காலிகப் பதிவு, முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டிய காப்பீடு எல்லாவற்றையும் கழித்த பின் கையில் எவ்வளவு நிற்கிறது என்பதே கணக்கு.

என் அனுபவத்தில் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. திருநெல்வேலி, விருதுநகர், மதுரை, தூத்துக்குடி ஆகிய நான்கு ஊர்களிலும் ஒரே மாடலுக்குக் கொட்டேஷன் வாங்குங்கள். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, உங்களுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் டீலரிடம் பேசுங்கள். நாலு கொட்டேஷனைப் பார்த்த டீலர் பேசும் விதமே வேறு.

பக்கத்து டீலரை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் நம் மண். கரிசல் கோடையில் வெடித்துக் கிடக்கும்; நன்றாக நனைந்தால் சேறாகச் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே உழவுக்குப் பதமாக இருக்கும் நாட்கள் மிகச் சில. அதோடு, வடகிழக்குப் பருவமழை விழுவதற்கு ஓரிரு வாரம் முன்பே புரட்டாசியில் காய்ந்த மண்ணில் சோளமும் பருத்தியும் விதைக்கும் முறை இங்கே உண்டு. மழைக்கு முன் விதை மண்ணுக்குள் போனால்தான், கிடைக்கும் முதல் மழையிலேயே முளைக்கும். பிந்தி விதைத்த பயிர் மார்கழி, தையில் ஈரம் வற்றும்போது பூவும் பிஞ்சுமாக நிற்கும்.

அந்த ஒரு வாரத்தில் ஹைட்ராலிக் பழுதாகி, ஒரு சீல் வளையத்துக்காக வண்டி நின்றுவிட்டால் என்ன ஆகும்? ஒன்பது கொத்துக் கலப்பையில் நாளொன்றுக்கு எட்டு ஏக்கர் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் ஏழு நாளில் 56 ஏக்கர். அவ்வளவும் பெரும்பாலும் பக்கத்துக் காட்டுக்காரர்களின் வாடகை உழவு. தவணை கட்டுவது அந்தப் பணத்தில்தான். ஒரு முறை வராத டிராக்டரை அடுத்த ஆண்டு யாரும் கூப்பிடுவதும் இல்லை.

உத்தரவாதக் காலத்தில் அதே கம்பெனியின் எந்த டீலரும் சேவை செய்ய வேண்டியவர்தானே என்பீர்கள். காகிதத்தில் அப்படித்தான். புரட்டாசியில் பட்டறையில் பத்து வண்டி நிற்கும்போது, தான் விற்ற வண்டியை முதலில் பார்ப்பது மனித இயல்பு. ஆகவே வெளியூரில் வாங்கியே தீருவது என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் உள்ளூர் டீலரைப் பார்த்து, இலவச சேவைகளையும் உத்தரவாத வேலையையும் செய்து தருவாரா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் எழுதிக் கொடுக்கத் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மானியத்தை எதிர்பார்ப்பவர்கள் வெளி மாநிலத்தை மறந்துவிடலாம். வேளாண் பொறியியல் துறையின் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் முதலில் விண்ணப்பித்து, அனுமதி பெற்று, துறை ஏற்ற பட்டியலிலிருந்துதான் வாங்க வேண்டும். வாங்கிவிட்டுப் போய்க் கேட்டால் கிடைக்காது. வங்கிக் கடனும் அப்படியே. வங்கி பணத்தை டீலர் கணக்கில் செலுத்தும். தனக்கு அறிமுகமான டீலரின் கொட்டேஷனைத்தான் விரும்பும்.

இடையே ஒன்று. ஐந்து ஏக்கர் மானாவாரிக்காக மட்டும் சொந்த டிராக்டர் வாங்குவது கட்டுபடியாகாது. வேளாண் பொறியியல் துறையே வாடகைக்கு டிராக்டர் விடுகிறது. சுற்று வட்டாரத்தில் வாடகை உழவு உறுதியாகக் கிடைக்குமா என்பதை எண்ணிப் பார்த்தபின் மேலே போங்கள்.

இனி பழைய டிராக்டர். பஞ்சாபில் மோகா, தல்வண்டி பாய், பர்னாலா, மலோட் ஆகிய ஊர்களில் நம் எட்டயபுரம் ஆட்டுச் சந்தையைப் போல டிராக்டருக்கென்றே சந்தை கூடுகிறது. நூற்றுக்கணக்கில் வண்டிகள் வரிசையாக நிற்கும். விவசாயி தன் பழைய வண்டியை விற்றால் சரக்கு சேவை வரி இல்லை. வியாபாரி விற்றால் அவருடைய லாபத்தின் மேல் மட்டும் வரி. எனவே இங்கேயும் வரி பெரிய விஷயம் அல்ல. காகிதம்தான் விஷயம்.

புதூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் தரகர் மூலம் வடக்கே இருந்து ஒரு வண்டி வாங்கி வந்தார். பதிவுப் புத்தகம் இருந்தது. கையெழுத்திட்ட 29, 30 எண் படிவங்களும் இருந்தன. பழைய உடைமையாளர் வாங்கிய கடன் மட்டும் முடியவில்லை. கடன் தீராமல் அங்கே தடையில்லாச் சான்று தரமாட்டார்கள். அது இல்லாமல் இங்கே பெயர் மாறாது. "வண்டி தங்கமான வண்டி சார், ரோட்டில் ஏற்ற முடியலையே" என்றார் என்னிடம். "அண்ணாச்சி, தரகரிடம் ஒரே ஒரு காகிதம் கேட்டிருந்தால் போதுமே" என்பதைத் தவிர எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பதினான்கு மாதம் அந்த டிராக்டர் சொந்தக் காட்டுக்குள்ளேயே ஓடியது.

அதனால் பழைய வண்டிக்குப் பணம் கொடுக்குமுன், பதிவு எண்ணைப் பரிவாகன் செயலியில் போட்டு, கடன் இருக்கிறதா, காப்பீடு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சேசிஸ் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்து, பதிவுப் புத்தகத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். கடன் இருந்திருந்தால் வங்கி கையெழுத்திட்ட 35-ஆம் எண் படிவமும், அந்த ஊர்ப் பதிவு அலுவலகத்தின் தடையில்லாச் சான்றும் கைக்கு வந்த பிறகே முழுப் பணம். வாங்கிய 30 நாளுக்குள் கோவில்பட்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். வெளி மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்க முடியாது; புதிய எண் வாங்க வேண்டும். மணி மீட்டரை நம்பாதீர்கள்; கிளட்சையும், முன் அச்சின் எண்ணெய் சீல்களையும் பாருங்கள். நெல் வயலில் சேற்று உழவு பார்த்த வண்டியில் முதலில் தேய்பவை இவையே. கூட ஒரு நல்ல மெக்கானிக்கை அழைத்துப் போகும் செலவு வீண் அல்ல.

புதிய வண்டியை வெளி மாநில டீலரிடம் வாங்கி ஏமாந்துவிட்டாலும் அங்கே போய் வழக்காட வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, மனுச் செய்யலாம். அதற்கு வேண்டியவை பில், கொட்டேஷன், சேவைப் புத்தகம், பணம் செலுத்திய வங்கிச் சான்று. கையில் ரொக்கமாகக் கொடுத்துத் துண்டுச் சீட்டு வாங்கி வந்தவர்களுக்கு ஆணையமும் உதவ முடியாது.