மூடி திறந்த சலைன் பாட்டில்

மாமல்லபுரம் சிற்பக்கூடங்களில் உளி தவறி விரலைப் பதம் பார்ப்பதும், கடற்கரைக் குப்பங்களில் மீன் முள் உள்ளங்கையில் ஏறுவதும் அன்றாடச் சங்கதி. அடிபட்டவர் அதற்காக செங்கல்பட்டு அரசு மருத்துவமனை வரை போவதில்லை. பக்கத்துத் தெரு கிளினிக்கில் புண்ணைக் கழுவி, கட்டுப் போட்டு, டி.டி. ஊசியும் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குத் திரும்பிவிடுவார். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் உடம்பைத் தொடுகிற சலைன், பஞ்சு, கத்தரி, கை எல்லாம் சுத்தமாக இருந்தனவா? மருத்துவத் தரம் என்றால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

வாணியம்பாடியில் நடந்தது

2022, 2023-ஆம் ஆண்டுகளில் திருப்பத்தூர் மாவட்டத்திலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் சிலர் காய்ச்சல், தலைவலி, நாக்குழறல், முகம் ஒருபக்கம் கோணுதல் என்று வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார்கள். மூளையைத் தாக்கிய மெலியோய்டோசிஸ் என்று தெரிந்தது. மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வருவது இது. சி.எம்.சி. மருத்துவர்களும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் தமிழகப் பொது சுகாதாரத் துறையும் சேர்ந்து தேடியதில், பாதிக்கப்பட்ட 21 பேரில் 10 பேர் வாணியம்பாடியின் ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்கள் என்று தெரியவந்தது. அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்துபோனார்கள். 2025-இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் இந்த ஆய்வு வெளியானது.

கிருமி எங்கே இருந்தது? வாய் கழுவ வைத்திருந்த சலைன் பாட்டிலில். ஈறை விலக்கும் கருவியாலேயே பாட்டிலைத் திறப்பார்களாம். மீதமிருப்பதை அரைகுறையாக மூடி வைத்து, அடுத்து வருபவருக்கும் அதையே ஊற்றுவார்களாம். பெரிய இயந்திரம் எதுவும் பழுதாகவில்லை, அரிய மருந்து எதற்கும் தட்டுப்பாடும் இல்லை. ஆளுக்கொரு சிறிய பாட்டில் திறந்திருந்தால் போதும். இதைப் படித்த நாளிலிருந்து கிளினிக் மேசையில் பாதி காலியான பாட்டிலைப் பார்த்தால் என் கண் அங்கேயே நிற்கிறது.

மழைக்காலமும் சர்க்கரையும்

செங்கல்பட்டு மாவட்டத்தில் அப்படி எதுவும் நடந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கிருமிக்கு ஈர மண் பிடிக்கும், மழைக்குப் பிறகு பெருகும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கரை கடந்தது மாமல்லபுரத்துக்கு அருகில்தான். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் இங்கே வயலிலும் சேற்றிலும் வெறுங்காலோடு நிற்பவர்கள் ஏராளம். அவர்களில் சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தத் தொற்று மிக எளிதில் பற்றும். மழைக்காலத்தில் நாள்கணக்கில் காய்ச்சல் விடாவிட்டால், ‘எனக்குச் சர்க்கரை இருக்கு, சேத்துல வேலை பார்த்தேன்’ என்று டாக்டரிடம் சொல்லுங்கள். காசநோய் போலத் தோற்றம் காட்டி ஏமாற்றும் நோய் இது. ரத்தம், சீழ் போன்ற மாதிரிகளைக் கல்ச்சருக்கு அனுப்பினால்தான் பிடிபடும். பிடிபட்டுவிட்டால் மருந்து உண்டு, மாதக்கணக்கில் எடுக்க வேண்டும்.

கொதிக்க வைத்தால் போதாது

கருவிகளை வெந்நீரில் கொதிக்க வைக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொதிநீருக்குத் தாக்குப்பிடிக்கும் கிருமி வித்துகள் உண்டு. 121 டிகிரி வெப்பத்தில் நீராவி அழுத்தத்தோடு வேலை செய்யும் ஆட்டோகிளேவ்தான் சரி. கருவிப் பொட்டலத்தின் மேல் ஒட்டிய டேப்பில் கோடுகள் கறுத்திருந்தால் அது சூட்டில் இருந்து வந்தது என்று பொருள். இதை நோயாளியே பார்த்துக்கொள்ளலாம்.

கருவிக்குச் சூடு முக்கியம் என்றால் தடுப்பூசிக்குக் குளிர் முக்கியம்; அதை வைக்கும் பிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். புயலடித்து இரண்டு நாள் கரண்ட் இல்லாத ஊரில் அந்த மருந்துகளை என்ன செய்தார்கள் என்று குழந்தைக்கு ஊசி போடும் முன் கேட்பது தாயின் உரிமை. நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நாமும் ஒரு காரணம்

‘ஒரு ஊசி போட்டுடுங்க டாக்டர், சீக்கிரம் சரியாகும்’ என்று கேட்பவர்கள் நாம்தான். போடாத டாக்டரை விட்டுவிட்டு, போடுகிறவரைத் தேடிப் போகிறோம். சாதாரண சளிக்கு ஊசி தேவையே இல்லை. 2018-இல் உத்தரப்பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில், ஒரே சிரிஞ்சைப் பலருக்கும் பயன்படுத்திய போலி மருத்துவரால் எச்.ஐ.வி. பரவியதாக அதிகாரிகள் கூறினார்கள். தொற்றுக்கு ஆளானவர்கள், மலிவான ஊசி என்று போய் நின்ற ஏழைகள். புதிய உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். போட்டு முடித்த ஊசி குத்தினாலும் கிழியாத வெள்ளை டப்பாவுக்குப் போக வேண்டும் என்கின்றன 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள். ரத்தம் தோய்ந்த கட்டுத்துணிக்கு மஞ்சள் பை.

சுவரில் மாட்டிய காகிதம்

தமிழ்நாட்டில் கிளினிக், மருத்துவமனை, ரத்தப் பரிசோதனைக் கூடம் எல்லாமே 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். 2018-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. பதிவுச் சான்றிதழ் வருபவர் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். டாக்டரின் பதிவு எண் மருந்துச் சீட்டிலேயே இருக்க வேண்டும். அதைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பதிவு இல்லாத இடத்தில் நான் நாடிகூடப் பார்த்துக்கொள்ள மாட்டேன். சந்தேகம் இருந்தால் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தாகக் கொடுங்கள். மற்ற விவரம் கேட்க 104 என்ற மருத்துவ உதவி எண் உண்டு.