‘ஸ்மூத்’ என்றால் என்ன?

சங்கக் கூட்டம் முடிந்து வாசலில் செருப்பை மாட்டிக் கொள்ளும் நேரத்தில் காதோடு காதாகக் கேட்கும் அன்பர்கள் உண்டு: "சார், வீட்டிலே உட்கார்ந்து அமைதியா ஒண்ணு சாப்பிட எது ஸ்மூத்தா இருக்கும்?" வடிசாலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம்தான் வரும். மேடையில் பேச முடியாத விஷயம். ஆகவே பத்திரிகையில் எழுதுகிறேன். குடிக்காதவர்களைக் குடிக்கச் சொல்வது என் நோக்கமல்ல. குடிப்பவர்கள் எதைக் குடிக்கிறோம் என்று தெரிந்து குடிக்கட்டும் என்பதே.

சித்தூர் மாவட்டத்துக்கும் மதுவுக்கும் உள்ள வரலாறு விசித்திரமானது. ராஜாஜி 1937 அக்டோபர் 1-இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது சித்தூருக்கும் கடப்பைக்கும் வந்துவிட்டது. பிறகு நெல்லூர் மாவட்டத்துப் பெண்களின் போராட்டத்தால் 1993 அக்டோபரில் சாராயம் தடையானது. 1995 ஜனவரியில் என்.டி.ஆர். முழு மதுவிலக்குக் கொண்டு வந்தார்; 1997-இல் அது நீக்கப்பட்டது. 2019 அக்டோபரில் கடைகளை அரசே எடுத்து நடத்தியது. பழகிய பிராண்டுகள் மறைந்து, யாரும் கேள்விப்படாத பெயர்கள் அலமாரியில் ஏறின. 2024 அக்டோபரில் கடைகள் மீண்டும் தனியாரிடம் போயின. 99 ரூபாய்க்குக் குவார்ட்டரும் வந்தது. இத்தனை முறை பூட்டித் திறந்த ஊரில், நல்லது எது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் எப்படி வளரும்? கிடைத்ததை வாங்குவதுதான் பழக்கமாயிற்று.

சரி, ஸ்மூத் என்றால் என்ன? தொண்டையில் எரியாமல் இறங்குவது என்பார்கள். எரிச்சலுக்குக் காரணம் இரண்டு. முதலாவது ஆல்கஹாலின் அளவு. நம் கடைகளில் விற்கும் விஸ்கி, பிராந்தி, ரம் பெரும்பாலும் 42.8 சதவீதம். பழைய லேபிள்களில் 75 டிகிரி புரூஃப் என்று இருந்ததும் இதுதான். இரண்டாவது, ஆல்கஹாலோடு சேர்ந்து வரும் உபபொருட்கள். ஊறலைக் காய்ச்சும்போது முதலில் வரும் பங்கில் மூக்கைத் துளைக்கும் பொருட்கள் அதிகம். கடைசியில் வரும் பங்கில் கனத்த எண்ணெய்த் தன்மையுள்ளவை அதிகம். நல்ல வடிசாலைக்காரர் இரண்டையும் ஒதுக்கி நடுப்பங்கை மட்டும் எடுப்பார். பிறகு அதை ஓக் மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் வைப்பார். பீப்பாயின் உட்புறம் தீயில் கருக்கப்பட்டிருக்கும். அந்தக் கரி கந்தக வாடையை இழுத்துக் கொள்ளும். மரம் வனிலா போன்ற மணத்தையும் நிறத்தையும் கொடுக்கும். இது ஒரு வழி.

இன்னொரு வழி நம் நாட்டில் பெருவழக்கு. கரும்பாலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸ் பாகைப் புளிக்க வைத்து, உயரமான தூண்களில் காய்ச்சி, மணமும் சுவையும் ஏறக்குறைய இல்லாத ஸ்பிரிட்டாக்குவது. அதில் தண்ணீர், கேரமல் நிறம், வாசனை, கொஞ்சம் மால்ட் அல்லது திராட்சை ஸ்பிரிட் சேர்த்தால் சரக்கு தயார். இதுவும் எரியாது. ஆனால் இதன் மென்மை வெறுமையால் வந்த மென்மை. பீப்பாயில் கிடந்து பக்குவப்பட்டதன் மென்மை வேறு. இரண்டையும் அடுத்தடுத்துச் சுவைத்தால் நாக்கே சொல்லிவிடும்.

தென்னிந்தியா பிராந்தி நாடு. சளிக்கு ஒரு மூடி, பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மூடி என்று பாட்டிமார் மருந்துப் பெட்டியிலேயே வைத்திருந்தார்கள். (குழந்தைகளுக்குக் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. தயவு செய்து விட்டுவிடுங்கள்; அது மருந்தல்ல, விஷம்.) பிராந்தி என்றால் திராட்சையிலிருந்து வந்தது என்றே பலரும் நம்புகிறார்கள். கலப்புப் பிராந்திக்கான நம் தர விதிப்படி திராட்சைப் பிராந்தி 2 சதவீதம் இருந்தாலே போதும். மீதி மேலே சொன்ன ஸ்பிரிட்டாக இருக்கலாம். ஆகவே பாட்டிலைத் திருப்பி, பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள். முன்பக்கத்துத் தங்க எழுத்து விளம்பரம். பின்பக்கத்து எழுத்துதான் விவரம்.

உண்மையான பக்குவம் வேண்டுவோர் எண்களைப் பார்க்கலாம். ஸ்காட்ச் என்றால் குறைந்தது மூன்று ஆண்டு ஓக் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். பிரெஞ்சுக் கோன்யாக்கில் வி.எஸ். என்றால் இரண்டு ஆண்டு, வி.எஸ்.ஓ.பி. நான்கு ஆண்டு, எக்ஸ்.ஓ. பத்து ஆண்டு. நம் பக்கத்து பெங்களூரின் அம்ருத் நிறுவனம் 2004-இல் கிளாஸ்கோவில் தன் சிங்கிள் மால்ட்டை அறிமுகம் செய்தது. ஸ்காட்லாந்துக்காரரிடமே ஸ்காட்ச் விற்கப் போன துணிச்சல்! நம் வெப்பத்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குப் பத்து சதவீதம் வரை ஆவியாகிவிடும். அங்கே இரண்டு சதவீதம்தான். ஆனால் வெப்பத்தில் பக்குவமும் விரைவாக வரும். எனவே இந்திய மால்ட்டில் வயதின் எண் சிறியதாக இருந்தால் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

என் சொந்த ருசியைக் கேட்டால், இதத்தில் முதலிடம் இலங்கைத் தென்னஞ் சாராயத்துக்கு. தென்னம் பாளையில் இறக்கிய கள்ளைக் காய்ச்சி, ஹல்மில்லை என்னும் மரத்தால் செய்த பீப்பாயில் ஆற வைப்பது. மலர் மணமும் மெல்லிய இனிப்புமாக இருக்கும். அதிலும் கலப்பு உண்டு. லேபிளில் சுத்தத் தென்னஞ் சாராயம் என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யாழ்ப்பாணப் பக்கம் பனஞ் சாராயமும் உண்டு. அது சற்று முரடு. சாராயம் என்ற சொல் நம் ஊரில் பாலித்தீன் பையையும் பெல்லம் ஊறலையும் நினைவூட்டுகிறது. அங்கே அதே சொல் விருந்து மேசையில் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது.

குடிக்கும் முறையிலும் பாதி இருக்கிறது. ராவாக ஊற்றிக் கொண்டு எரிகிறது என்று புகார் செய்வதில் பொருளில்லை. அளவுக்குச் சமமாக, சாதாரணக் குளிர்ச்சியுள்ள தண்ணீர் சேருங்கள். நல்ல சரக்கின் மணம் அப்போதுதான் திறக்கும். ஐஸ் நிறையப் போட்டால் எரிச்சல் அடங்கும், மணமும் அடங்கும். ஆகவே விலை குறைந்ததற்கு ஐஸ், விலை உயர்ந்ததற்குத் தண்ணீர் என்பது என் கணக்கு. கோலா ஊற்றினால் எல்லாச் சரக்கும் ஒன்றுதான், அதற்கு வி.எஸ்.ஓ.பி. வாங்குவானேன்? வெறும் வயிற்றில் வேண்டாம். வேர்க்கடலை நம் மாவட்டத்துச் சொத்து. அவித்து வைத்துக் கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். மென்மை என்பது பாதுகாப்பு அல்ல. மெத்தனால் கலந்த சரக்கை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தது அதனால்தான். 2025 அக்டோபரில் பழைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த முலகலசெருவில் போலி மதுத் தயாரிப்பு பிடிபட்டது. பாட்டில், மூடி, லேபிள் எல்லாம் அசல் போலவே செய்யக் கூடியவர்கள் இருக்கிறார்கள். அதன்பின் ஆந்திர அரசு பாட்டிலின் மேலுள்ள குறியீட்டைக் கைபேசியில் சரிபார்க்க ஒரு செயலியைக் கொண்டு வந்தது. கடையிலேயே சரிபார்த்து வாங்குங்கள். சீல் உடைந்தது, மூடி சுற்றுவது, தெரிந்தவர் மலிவாகக் கொண்டு வந்தது, எதையும் தொட வேண்டாம். குடித்த மறுநாள் பார்வை மங்கினாலோ வயிறு பிடுங்கி வாந்தி வந்தாலோ, ‘நேற்றைய மப்பு’ என்று படுத்துக் கிடக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நேரம் தவறினால் கண் போகும், உயிரும் போகும்.

அசல் சரக்கிலும் ஒரு கண்ணி உண்டு. 60 மில்லி லார்ஜ் ஒன்றில் சுமார் 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. எரிந்தாலும் அவ்வளவு, எரியாவிட்டாலும் அவ்வளவு. எரியும் சரக்கு ‘போதும்’ என்று தொண்டையிலேயே சொல்லும். ஸ்மூத் சரக்கு சொல்லாது. என் மைத்துனர் ஒருவர் ரம்மை விட்டு விலையுயர்ந்த பிராந்திக்கு மாறினார். "இது உடம்பை ஒண்ணும் பண்ணாது மாமா" என்று தினம் மூன்று லார்ஜ். நான்காம் ஆண்டு ஸ்கேனில் ஈரல் வீங்கியிருந்தது. டாக்டர் பிராண்டின் பெயரைக் கேட்கவே இல்லை. எத்தனை, எத்தனை நாள் என்று மட்டுமே கேட்டார். முற்றிலும் தீங்கில்லாத அளவு என்று எதுவுமில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. குடிப்பதென்றால், கண்ணளவில் ஊற்றாமல் அளவுக் குவளையில் 30 மில்லி ஊற்றி, பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். தூக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை சாப்பிடுவோர் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து தரிசனத்துக்கு வரும் உறவினருக்கும் ஒரு வார்த்தை. விமான நிலையத்தில் இரண்டு லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டு வரலாம். ஆனால் திருமலைக்கு ஒரு துளியும் ஏறக் கூடாது. அலிபிரி சோதனைச் சாவடியில் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பார்கள். நமக்கென்று வாங்கி வந்த நல்ல பாட்டிலானாலும் கீழே திருப்பதியில் தெரிந்தவர் வீட்டில் வைத்துவிட்டு, இறங்கி வரும்போது எடுத்துக் கொள்ளட்டும்.